வயிற்றுப் பிள்ளைக்குச் சிறுநீரகத்தில் வீக்கமா? பதறவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்!

தாய்மார்களே! ஸ்கேன் பார்த்த டாக்டர், "பிள்ளையின் கிட்னியில் கொஞ்சம் வீக்கம் தெரிகிறது" என்று சொன்னால் உங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. வீட்டுக்கு வந்தாலோ ஆளுக்கொரு பேச்சு. "கிரகணத்திலே வெளியே போனியா?" "பால் வாளியைத் தூக்கினியே, அதான்!" இந்தப் பேச்சுகளில் உண்மை இல்லை. விஷயத்தைக் கேளுங்கள்.

வயிற்றுப் பிள்ளையும் சிறுநீர் கழிக்கிறது. நாலு மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி அதுதான். அந்த நீர் போதுமான அளவு இருந்தால்தான் பிள்ளையின் நுரையீரல் நன்றாக வளரும். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் சிறுநீரகம், சிறுநீர்ப்பை, பனிக்குட நீர் மூன்றையும் டாக்டர் பார்ப்பது இதற்காகத்தான்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டாக்டர் இயான் டொனால்டும் அவருடைய கூட்டாளிகளும் இந்த ஒலி அலை முறையை 1958-ல் உலகுக்கு அறிவித்தார்கள். 1970-ல் ஆஸ்திரேலிய டாக்டர்கள், பிறக்காத பிள்ளையின் சிறுநீரகக் கோளாற்றை ஸ்கேனில் கண்டு எழுதினார்கள். அதற்கு முன்பெல்லாம் பிள்ளை பிறந்து, காய்ச்சல் கண்ட பிறகுதான் தெரியவரும்.

ஸ்கேனில் என்ன தெரியலாம்?

1. வீக்கம். 100 கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் காணப்படுகிறது. சிறுநீர் தேங்கும் இடம் நடு மாதங்களில் 4 மி.மீ., கடைசி மாதங்களில் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் தொடர்ந்து கவனிப்பார்கள். லேசான வீக்கம் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

2. ஒரு சிறுநீரகம் இல்லாமலோ, நீர்க்கட்டிகளாகி வேலை செய்யாமலோ இருப்பது. மற்றது நன்றாக இருந்தால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரலாம்.

3. ஆண் பிள்ளையின் சிறுநீர் வழியில் அடைப்பு. இரண்டு சிறுநீரகமும் வீங்கி, பனிக்குட நீரும் குறைந்தால் ஆபத்து. பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று டாக்டர் சொல்வதைத் தட்டாதீர்கள்.

ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்திலிருந்து மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "ஒருநாள் சம்பளம் போகுமே" என்று தள்ளிப்போடாதீர்கள். ஆண்களே, கூடப் போங்கள்!

முக்கியமான வேலை பிரசவத்துக்குப் பிறகுதான் இருக்கிறது. "பிள்ளை நல்லாத்தானே பால் குடிக்குது, இன்னும் எதுக்கு ஸ்கேன்?" என்று நிறுத்திவிடுவது பெரிய தவறு. பிறந்த முதல் இரண்டு நாட்களில் சிறுநீர் குறைவு. வீக்கம் மறைந்தது போலக் காட்டும். அதனால்தான் பின்னொரு நாள் மறுபடியும் வரச் சொல்கிறார்கள். அடைப்பு என்று சந்தேகம் இருந்தால் மட்டும் உடனே பார்ப்பார்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல், வாந்தி, பால் குடிக்காமை, நாற்றமுள்ள சிறுநீர், சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போதல் இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கஷாயம் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். தொற்று சிறுநீரகத்தில் தழும்பை உண்டாக்கினால் அது ஆயுசுக்கும் மாறாது.

கர்ப்பிணிகள் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது. ஐபுரோபென் வகை மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று 2020-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இரத்த அழுத்த மாத்திரைகளிலும் சில ஆகாது. நீங்களாக நிறுத்தாதீர்கள், கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். நீரிழிவு இருந்தால் அதையும் கட்டுக்குள் வையுங்கள்.

கிளினிக் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். "எத்தனை மி.மீ.? ஒரு பக்கமா, இரு பக்கமா? நீர் போதுமா? அடுத்த ஸ்கேன் எப்போது?" இந்த நான்கையும் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை!