பிள்ளைகளின் பத்திரிகையை யார் முதலில் வாசிப்பது?

பள்ளிக்கூட மலர் நமக்குப் புதிதல்ல. அதிபரின் ஆசிச் செய்தி, பங்குத்தந்தையின் வாழ்த்து, பரிசு பெற்றவர்களின் பட்டியல், அம்மாவைப் பற்றி ஒரு கவிதை, கடைசியில் வகுப்பு வகுப்பாகப் படங்கள். யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடப் பள்ளிகளில் படித்த அம்மாமாரின் அலுமாரியில் இன்றும் ஒன்றிரண்டு கிடக்கும். வடிவான புத்தகம்தான். ஆனால் இடைவேளையில் அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் கதைத்த ஒரு விஷயமும் அதில் இராது.

மாணவர் பத்திரிகை வேறு சாமான். "பெண்பிள்ளைகளின் மலசலகூடக் கதவு ஏன் இன்னும் திருத்தப்படவில்லை?" என்று அதிபரிடமே போய்க் கேட்டு, அவர் சொன்ன பதிலை அப்படியே போடுவதுதான் பத்திரிகை. அங்கேதான் பிரச்சினையும் தொடங்குகிறது. அச்சுக்குப் போக முன்னம் அதை அதிபர் வாசிக்க வேண்டுமா?

டென்மார்க்கில் இருபதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகளும் அவற்றில் படிக்கிறார்கள். இன்று பிரான்சில் இருக்கும் சாம்பெரி நகரிலிருந்து புனித சூசையப்பர் கன்னியர் 1856இல் கோப்பன்ஹேகன் வந்து இறங்கியதோடு இந்தக் கதையின் பெரும்பகுதி தொடங்குகிறது. அவர்களால் வர முடிந்ததற்குக் காரணம் 1849ஆம் ஆண்டின் அரசியல் சாசனம். லூத்தரன் நாடான டென்மார்க்கில் அதுதான் மதச் சுதந்திரத்தைத் தந்தது. அச்சுச் சுதந்திரத்தைத் தந்து, தணிக்கை இனித் திரும்பி வராது என்று எழுதி வைத்ததும் அதே சாசனம்தான். 1770இல் ஸ்ட்ருயன்சே தணிக்கையை ஒரேயடியாக நீக்கினார். 1799இல் அரசன் மீண்டும் பூட்டுப் போட்டான். அந்த அனுபவத்தில் பிறந்த வசனம் அது. ஆக, கத்தோலிக்கப் பள்ளிக்கூடமும் தணிக்கையில்லாத பத்திரிகையும் இந்த நாட்டில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

சாசனம் கட்டிப்போடுவது அரசின் கையைத்தான். தனியார் பள்ளி தன் செலவில் வெளியிடும் பத்திரிகையில் கை வைத்தால், சாசனத்தைக் காட்டித் தடுப்பது இலேசில்லை. ஆனால் இங்கே தனியார் பள்ளிகளுக்கும் அரசு பெரும் மானியம் கொடுக்கிறது. அதற்கான சட்டம், சுதந்திரமும் மக்களாட்சியும் உள்ள சமூகத்தில் வாழப் பிள்ளைகளைத் தயார்படுத்த வேண்டும் என்கிறது. ஆண் பெண் சமத்துவத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதைச் சமூகப் பாடப் புத்தகத்தில் மட்டும் படிப்பித்தால் போதுமா?

அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம். 1983இல் மிசூரி மாநிலத்தின் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில், பதின்வயதுக் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் விவாகரத்து பற்றியும் மாணவர்கள் எழுதியிருந்தார்கள். அதிபர் இரண்டு பக்கங்களை முழுதாகவே தூக்கிவிட்டார். மூன்று மாணவிகள் வழக்குப் போட்டார்கள். 1988இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்று பள்ளியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அது அரசுப் பள்ளி. அங்கே தனியார் கத்தோலிக்கப் பள்ளி மாணவி என்றால் அரசியல் சாசனத்தை வைத்து வழக்குப் போடவே இடமில்லை.

அதிபர் சொன்ன காரணங்களை வெறும் சாட்டு என்று தள்ளிவிட ஏலாது. பெயர் மாற்றினாலும் அந்தப் பிள்ளைகள் யாரென்று தெரிந்துவிடும் என்றார். குற்றஞ்சாட்டப்பட்ட தகப்பனிடம் பதில் கேட்கவில்லை என்றார். இரண்டும் நியாயமான பத்திரிகைக் கேள்விகள். ஆனால் அவற்றை மாணவிகளிடம் கேட்டுத் திருத்தச் சொல்லியிருந்தால் அவர்கள் தொழிலைப் படித்திருப்பார்கள். பக்கத்தைக் கிழித்ததில் பயத்தைத்தான் படித்தார்கள்.

நம் வீடுகளிலும் ஒரு தணிக்கை இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை தன் சாமத்தியச் சடங்கைப் பற்றி, அது தனக்குப் பிடித்ததா இல்லையா என்று டெனிஷ் மொழியில் எழுதினால், "உனக்கேன் பிள்ளை இந்தத் தேவையில்லாத வேலை? நாலு சனம் என்ன சொல்லும்?" என்போம். அப்படிச் சொல்லுமுன் ஒன்றை நினைக்க வேண்டும். எண்பதுகளின் கடைசியில் ஈழத்து அகதிகளின் குடும்பங்கள் இங்கு வந்து சேர்வதை நீதி அமைச்சர் நின்-ஹான்சன் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்தார். ஒம்புட்ஸ்மன் கேட்டார், பாராளுமன்றத்தில் கேட்டார்கள், பத்திரிகைகளும் கேட்டன. 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வந்ததும் பிரதமர் ஷ்லூட்டர் பதவி விலகினார். அந்த விவகாரத்துக்கு டெனிஷ் சரித்திரத்தில் இருக்கும் பெயரே 'தமிழர் வழக்கு'. கேள்வி கேட்கிற பழக்கத்தால் பலன் கண்ட சமூகம் நாம்.

அதற்காகப் பிள்ளைகள் நினைத்ததையெல்லாம் எழுதலாம் என்றில்லை. சில ஒழுங்குகள் போதும். பொறுப்பாசிரியர் வாசிக்கட்டும், தகவல் சரியா, யாருடைய மானத்துக்கும் பொய்யால் பங்கம் வருமா என்று மட்டும் பார்க்கட்டும். குறை சொல்லப்பட்டவரின் பதில் அதே இதழில் வர வேண்டும். வீட்டு விஷயம், படம், பெயர் என்றால் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும். பிழை விட்டால் அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும். திருச்சபையின் போதனைக்கு எதிரான கருத்து வந்தால், பள்ளியின் குருவானவர் பக்கத்திலேயே பதில் எழுதலாம். தன் விசுவாசத்தில் உறுதியுள்ளவருக்குப் பதினாறு வயதுப் பெண்ணின் கட்டுரையைக் கண்டு பயம் வரத் தேவையில்லை.

அதிபர் எப்போது வாசிப்பது? எல்லாரும் வாசிக்கிற அன்றைக்குத்தான். கோபம் வந்தால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதட்டும். அதையும் பிள்ளைகள் ஒரு சொல் வெட்டாமல் போடுவார்கள்.