குறியும் கருவியும்

1993இல் பெருஞ்சமர் கண்ட பூநகரியிலே மாணவன் ஒருவன், “ஐயா, சுடுபோட்டிக்கு உகந்த கைத்துப்பாக்கி எது?” என்று வினவினான். நெஞ்சம் ஒருகணம் துணுக்குற்றது. ஆயினும் விடை கூறினேன்.

குழல்முனையில் வாயுவை மேல்நோக்கி விடுத்துத் துள்ளலைத் தணிக்கும் அமைப்பும், செம்புள்ளி காட்டும் ஒளிக்குறியும் ஐ.பி.எஸ்.சி. போட்டிகளின் திறந்த பிரிவிலே ஏற்கப்படும். ஒலிம்பிக்கின் 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிக்கோ ஒளிக்குறி விலக்கு. எடை 1,500 கிராமுக்கு மிகலாகாது. விசையிழுப்பு 500 கிராமிற் குறையலாகாது. ஆதலின் முதலில் விதியைக் கற்றுப் பின்னர்க் கருவியைத் தேர்க.

நற்கருவியும் பழுதுறும். 2021இல் ரோக்கியோவில் கருவி பழுதுற்றுத் தளர்ந்த மனு பாக்கர், 2024இல் பாரிசில் இரு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். பயிற்சியே உறுதுணை.

மனிதரைக் குறிவைத்த கருவி, எம்மண்ணில் இனித் தாள்வட்டத்தையே குறிவைப்பதாகுக!