சுதையும் காவியும்: தஞ்சை நகர மனைகளின் ஒப்பனை

மனையின் சுவருக்கு வெள்ளை பூசுதலும் அதன்மேல் வண்ணம் எழுதுதலும் கூலிக்குச் செய்யும் சிறு தொழில்களாகவே இன்று கருதப்படுகின்றன. நூலாராய்ச்சியுடையார் இவற்றில் கருத்தூன்றுவது அரிது. ஆயினும், பழந்தமிழ் நூல்களில் மனைகளைப் புனைந்துரைக்கும் பகுதிகளுக்குச் செவ்விய பொருள் காண்பதற்கு இத்தொழிலறிவு இன்றியமையாதது என்பது எம் கருத்து. அவ்வறிவைத் தருதற்குத் தஞ்சையும் அதனைச் சூழ்ந்த காவிரி நாட்டு ஊர்களும் கொண்டுள்ள பழைய வீடுகள் ஏற்ற சான்றாவன. அவை ஆண்டுதோறும் இடிக்கப்பட்டு வருதலின், இதனைக் காலந்தாழ்த்தாது ஆராய்தல் வேண்டும்.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், மணிமேகலையும் சுதமதியும் புகார் நகர வீதி வழியே செல்லும்பொழுது, ஆங்காங்குக் கூடிநின்று வேடிக்கை பார்ப்போரைச் சாத்தனார் வரிசையாகக் காட்டுகின்றார். அவருள் ஒரு சாரார் செங்கல்லால் உயர்த்திய நெடிய மனைகளில், வெண்மையான சுதையின்மேல் வல்லோர் எழுதிய ஓவியங்களைக் கண்டு நிற்கின்றனர். வானவர் முதலாக எல்லா உயிர்களின் வடிவமும் அவ்வோவியங்களில் உள்ளன. இப்பகுதியைப் பயிலும் மாணவர் சொற்பொருள் கண்டு மேற்செல்வர். ஓவியம் மனையின் உள்ளே இருந்ததா, புறத்தே இருந்ததா என்று வினவுவதில்லை. நிற்போர் வழிச்செல்வோர், மனைக்கு உரியவரோ விருந்தினரோ அல்லர். எனவே, ஓவியம் தெருவை நோக்கிய சுவரில் இருந்ததெனக் கொள்வதே பொருந்தும்.

நெடுநல்வாடையோ வேறொரு நிலையைக் காட்டுகின்றது. அரண்மனையில் அரசியின் பள்ளியறை வெள்ளி போன்ற சுதை பூசப்பெற்றது. செம்பினாற் செய்தாற் போன்ற அதன் நெடுஞ்சுவரில் பூக்கள் பல நிறைந்த ஒரு கொடி வளைய எழுதப்பட்டுள்ளது. ஆங்கு வானவர் உருவமும் இல்லை, விலங்குருவமும் இல்லை. கட்டிலின்மேல் விரித்த மெழுகிட்ட திரையில் மட்டும் மேடம் முதலான விண்ணிலை எழுதப்பட்டிருக்கின்றது; திங்களை விட்டு நீங்காத உரோகிணியை அதிற் கண்டு அரசி பெருமூச்செறிகின்றாள். தெருவார் காண்பதற்குரிய ஓவியமும் தனித்திருப்பாள் ஒருத்தி காண்பதற்குரிய ஓவியமும் வெவ்வேறு என்பதைப் புலவர் இருவரும் நன்கு உணர்ந்திருந்தனர். மனையின் வகையும் சுவர் நோக்கும் திசையும் ஒப்பனையை வரையறுத்தன என்பதே இவ்விரு பகுதிகளாலும் பெறப்படுவது.

இனி, சுதை என்பது யாது? காவிரி நாடு வண்டல் நிலம். ஆங்குக் கல் அரிது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் கருங்கல் வெளியிலிருந்தே கொண்டுவரப்பட்டது. குடிமக்கள் மனைகளோ செங்கல்லாலும் மண்ணாலும் எழுந்தன. மழையினின்று செங்கற்சுவரைக் காத்தற்குச் சுண்ணாம்புப் பூச்சு வேண்டப்பட்டது. அதற்குரிய கிளிஞ்சலைக் கடற்கரை தந்தது. ஆகவே இந்நாட்டில் சுதை முதற்கண் காப்பு, பின்னரே அழகு. சிலப்பதிகாரம் கூறும் வேயா மாடம் என்பதற்கும் ஓடு வேயாது சாந்து இடப்பெற்ற மாடம் என்று பொருள் கொள்வர். வெயிலும் மழையும் நேரே தாக்கும் தளத்திற்கும் அந்தச் சாந்தையே நம்பினர்.

கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, மணல் சேர்த்து அரைத்துக் காரை ஆக்குவர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லம் கரைத்த நீரும் அதனொடு சேர்தல் உண்டு. மேற்பூச்சை நுண்ணிதாக அரைத்து இட்டு, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். சுண்ணாம்பு உலருங்கால் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடைகின்றது. ஈரம் புலராமுன் அதன்மேல் இட்ட வண்ணத்தையும் அக்கல் தன்னகத்தே பிணித்துக்கொள்கின்றது. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கவல்லவை பெரும்பாலும் மண்ணிற் பிறந்த வண்ணங்களே. செங்காவியும் மஞ்சட்காவியும் நிலைக்கும். இலையிலும் பூவிலும் எடுத்த சாயங்கள் பல வெளிறிவிடும். நம் சுவர்களில் காவி மிகுதியாகக் காணப்படுவதற்குச் சமயக் காரணம் ஒன்றே கூறுவார் உளர். அதனை யாம் மறுக்கவில்லை; ஆயினும் சுண்ணாம்பின் இயல்பையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

இத்துணைச் சிறந்த ஓவிய மரபிற்குப் பழைய வீடுகளில் சான்று கிடையாமை ஏன் என்னும் ஐயம் ஈண்டு எழலாம். பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உள்நடையில் நாயக்கர் காலப் பூச்சின்கீழ்ச் சோழர் ஓவியம் மறைந்து கிடந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அதனைக் கண்டறிந்தார். கோயிற்சுவருக்கு மறுபூச்சு எப்பொழுதோ ஒருமுறைதான். வீட்டிற்கோ பொங்கல்தோறும் வெள்ளையடிக்கும் வழக்கம் உண்டு. சிறிது நீலம் கலந்த அவ்வெள்ளை சுவரைக் காத்தது. சுவரில் இருந்ததை மறைத்தது. நூறு பொங்கல் கண்ட சுவர் நூறு பூச்சுகளைச் சுமக்கும். எனவே மனையோவியத்தின் வரலாற்றைச் சுவரில் தேடுவதினும் சொல்லில் தேடுவதே பெரும்பயன் தருவதாகும். பழையதொரு சுவரை இடிக்கும்பொழுது அதன் பூச்சினைப் படலம் படலமாக உரித்துப் பார்ப்பாரும் இருந்தால், இரண்டும் கைகூடும்.

தஞ்சையின் நான்கு இராச வீதிகளிலும், கும்பகோணத்துத் தெருக்களிலும் எஞ்சியுள்ள ஓட்டு வீடுகளை நோக்குவோம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என அவை உள்நோக்கி நீளும். (ரேழி என்பது இடைகழியின் மரூஉ என்பர்.) தெருச்சுவருக்கு வெள்ளையும் அடிப்பகுதிக்குக் காவியும் பூசுவர், சில வீடுகளில் காவிப் பட்டைகளும் உண்டு. வசதியுடையார் மனையாயின், முகப்பின் மேலே சுதையால் ஆகிய கஜலட்சுமி இரு யானைகளுடன் அமர்ந்திருப்பாள். புகாரில் வழிச்செல்வோர் கண்ட வானவர் உருவம் இம்முகப்பில் தன் இடத்தைக் காத்துக்கொண்டது என்று கருதுதற்கு இடமுண்டு. புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் ஓவியராகிய கண்ணுள் வினைஞரையும், மண்ணால் உருவம் செய்வாராகிய மண்ணீட்டாளரையும் இளங்கோவடிகள் அடுத்தடுத்து வைத்தமையும் நினைக்கத்தக்கது.

உள்ளே, கூடத்திலும் பூசையறையிலும் சுவர் வெறுமையாக இருக்கும். ஓவியம் பலகைக்கு மாறிவிட்டது. பலாப்பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியால் புடைப்பு எழுப்பி, பொற்றகடும் கண்ணாடிக் கற்களும் பதித்துச் செய்யும் தஞ்சை ஓவியம் மராத்திய அரசர் காலத்தில் ஓங்கியது. ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் வீட்டிற்கு இதனினும் ஏற்ற ஓவியம் இல்லை. பூச்சு வேலை வந்தால் கழற்றி வைக்கலாம்; முடிந்தபின் மீண்டும் மாட்டலாம். அரண்மனைக்கு அத்தொல்லை இல்லை. ஆகவே தஞ்சை அரண்மனையின் தர்பார் மண்டபத்தில் தூணும் வளைவும் சுவரும் வண்ணத்தாலும் சுதையுருவங்களாலும் நிறைந்துள்ளன.

மண்சுவர் வீடுகளைப் பற்றிச் சில சொல்வோம். அவற்றிற்குச் செம்மண்ணும் சாணமும் பூச்சு. வாசலில் மாக்கோலமும், விழா நாளில் அதற்குக் காவிக் கரையும் ஒப்பனை. வெண்மையைச் செம்மை சூழும் இம்முறை மாடி வீட்டுச் சுவருக்கும் குடிசை வாசலுக்கும் பொதுவாதல் காண்க.

இன்றைய காரை வீடுகள் சிமெண்டினால் ஆனவை. அவற்றிற்கு எமல்ஷன் பூசுகின்றனர். அதில் குறைகாண்பது எம் நோக்கமன்று. புதிய சுவருக்கு அது தக்கதே. பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் அதனைப் பூசுவதே கேடு. ஆற்றுநாட்டின் ஈரம் உப்புடன் சுவரில் ஏறும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விடும்; நெகிழிப் படலமோ உள்ளேயே அடைக்கும். உப்பு பூச்சின் அடியில் படிகமாகிப் பருக்கும்; பூச்சு பொருமி உரியும். சுவர் கெட்டுவிட்டது என்று வீட்டையே இடிப்பார் உளர்.

வீட்டோடு சொல்லும் போகின்றது. பழையோர் ஓவியத்தை எழுதினர். சுதையைப் பூசினர், தீற்றினர். நாமோ வெள்ளை அடிக்கின்றோம், பெயிண்ட் அடிக்கின்றோம். வினைச்சொல் மாறியபொழுதே தொழிலின் தரமும் மாறிற்று என்று சொல்லத் தோன்றுகின்றது. நீற்றல், காரை, மெருகு, மேற்பூச்சு என்பவற்றின் நுண்பொருளை அகராதியைவிட முதிய கொத்தனார் தெளிவாக உரைப்பர். சொல் தொகுப்புக்குச் செல்லும் மாணவர் உழவரிடமும் மீனவரிடமும் செல்கின்றனர், இவரிடமும் செல்லலாம்.

சாத்தனார் கூறிய ஓவியம் தெருப்புறத்ததே எனினும், அது மழையில் எவ்வாறு நிலைத்தது என்பது எஞ்சுகின்றது. தஞ்சை வீடுகளில் திண்ணைக்கு மேலே ஓட்டுத் தாழ்வாரம் இறங்கி நிற்கும். திண்ணையின் பின்சுவரில் சாரல் படாது. தெருவில் நிற்பார்க்கு அச்சுவர் நன்கு தோன்றும். புகார் மனைகளிலும் ஓவியச்சுவர் இத்தகைய நிழலில் அமைந்திருக்கலாம்.