பிள்ளைகளுக்கிடையில் இடைவெளி: உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் முறை எது?

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோன சாமான்களோடு பல தாய்மாரின் கிளினிக் காட்டும் போய்விட்டது. மூன்று மாத ஊசியை எப்போது போட்டோம், லூப் எந்த வருடம் வைத்தோம் என்ற விபரம் அதில்தான் இருந்தது. முகாமிலும் தற்காலிகக் கொட்டிலிலும் இருந்த காலத்தில் சிலர் மாத்திரையைப் பாதியில் விட்டார்கள், சிலருக்கு ஊசியின் தவணை தப்பியது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கங்களில் மீண்டும் குடியேறிய குடும்பங்கள் இந்த விடயத்தைப் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஒத்துக்கொண்ட முறை உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்றில்லை. முதலில் கணவனும் மனைவியும் இருந்து பேசுங்கள். அடுத்த பிள்ளை ஒரு வருடத்தில் வேண்டுமா, மூன்று நான்கு வருடம் போகட்டுமா? கைக்குழந்தை பால் குடிக்கிறதா? பிரஷர் இருக்கிறதா? தினமும் ஒரு மாத்திரையை நினைவாக எடுக்கும் நிலையில் வீடு இருக்கிறதா?

ஒரு வருடத்துக்குள் பிள்ளை வேண்டுமென்றால் ஊசி நல்ல தெரிவல்ல. அது மூன்று மாதத்துக்குப் பலன் தரும், ஆனால் நிறுத்திய பிறகு கரு தங்கப் பலருக்கு 9, 10 மாதம் செல்லும். மாத்திரையையோ லூப்பையோ விட்டால் அவ்வளவு தாமதம் இல்லை. செம்பு லூப் 10 வருடம்வரை வேலை செய்யும், விரும்பிய நாளில் எடுத்துவிடலாம். கையின் தோலுக்கடியில் வைக்கும் குச்சி 5 வருடத்துக்கு. சாதாரண மாத்திரை, பிரஷர் உள்ளவர்களுக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றதல்ல. பிள்ளைக்கு ஆறு மாதமாகும்வரை, தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால் பாலூட்டலே நல்ல பாதுகாப்பு. மூன்றில் ஒன்று மாறினாலும் அதை நம்பியிருக்க வேண்டாம்.

கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருந்து லீவில் வரும் குடும்பங்கள் இங்கே நிறைய. அவர் வந்திறங்கும் அன்று மாத்திரையைத் தொடங்கினால் அன்றே பலன் கிடைக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. மாதவிடாய் வந்து முதல் ஐந்து நாட்களுக்குள் தொடங்காவிட்டால் முதல் 7 நாட்களுக்கு ஆணுறையும் வேண்டும். பால்வினை நோய்களிலிருந்து காப்பதும் ஆணுறை மட்டுமே.

எங்களிடம் தாய்மார் தயங்கித் தயங்கிக் கேட்பது இன்னொன்று: "ஊசி போட்டால் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்குமாமே, தொழுகை என்னாகும்?" நியாயமான கேள்வி. ஊசியிலும் குச்சியிலும் முதல் மாதங்களில் ஒழுங்கற்ற இரத்தக் கசிவு வரலாம், லூப்பில் மாதவிடாய் சற்றுக் கூடலாம். ஹைழுடைய நாட்களுக்கு வெளியே வரும் கசிவு இஸ்திஹாழா. அதற்காகத் தொழுகையையோ நோன்பையோ விடுவதில்லை, ஒவ்வொரு தொழுகைக்கும் வுழூச் செய்து தொழலாம். நாட்களைக் கணக்கிடுவதில் சந்தேகம் வந்தால் அறிந்த மௌலவியாவிடம் கேளுங்கள். றமழானில் மாத்திரையை இஃப்தாருக்குப் பிறகு எடுக்கலாம்.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்பதும் வரும் கேள்விதான். ஸஹாபாக்கள் அஸ்ல் செய்ததைப் பற்றி ஜாபிர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதை வைத்து, இருவரும் உடன்பட்டுத் தற்காலிகமாக இடைவெளி விடுவதைப் பெரும்பாலான உலமாக்கள் ஆகுமாக்குகிறார்கள். தேவையில்லாமல் நிரந்தரமாக நிறுத்துவதை அப்படிப் பார்ப்பதில்லை.

நிரந்தர ஒப்பரேஷனைப் பற்றி எங்களுக்கும் ஒரு கருத்து இருக்கிறது: இன்னொரு கர்ப்பம் ஆபத்து என்று டொக்டர் சொன்னாலொழிய, குடியேறும் பரபரப்பில் அதைத் தீர்மானிக்க வேண்டாம். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், நாகப்பட்டினம் முதலிய கரையோரங்களில், குடும்பக் கட்டுப்பாடு ஒப்பரேஷன் செய்திருந்த தாய்மார் பலர் சுனாமியில் எல்லாப் பிள்ளைகளையும் இழந்தார்கள். கட்டிய குழாயை மீண்டும் இணைக்கும் ஒப்பரேஷனை அங்குள்ள அரசு இலவசமாகச் செய்துகொடுத்தது. செய்துகொண்ட எல்லோருக்கும் கரு தங்கவில்லை. நீண்ட காலத்துக்கு வேண்டுமென்றால் லூப்போ குச்சியோ இருக்கிறது, நாளை மனம் மாறினாலும் வழியுண்டு.

காட் இல்லையென்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். புதிய இடத்துக்குப் பொறுப்பான மிட்வைஃப் யார் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, அவரிடம் உங்கள் குடும்பத்தைப் பதியுங்கள். லூப் வைத்திருந்தால் அது இருக்கிறதா என்று கிளினிக்கில் பார்ப்பார்கள். ஊசியின் தவணை கடந்திருந்தால், கர்ப்பமில்லை என்று உறுதிசெய்துவிட்டுப் போடுவார்கள். அதுவரை ஆணுறை பாவியுங்கள். பாதுகாப்பில்லாமல் இருந்துவிட்டால் 72 மணித்தியாலத்துக்குள் போஸ்டினோர் எடுக்கலாம், பாமசியில் கிடைக்கும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன்.

அரசாங்க கிளினிக்கில் இவை இலவசம். நீங்கள் ஏதாவது ஒரு முறையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், உங்களுக்குரிய வீட்டிலோ நிவாரணத்திலோ எந்த மாற்றமும் வராது. அப்படி யாராவது சொன்னால் எங்கள் கள உத்தியோகத்தரிடம் தெரிவியுங்கள்.