புகையிலிருந்து வெளியே – 9: இரண்டாவது ரவுண்டில் நீளும் கை

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து மதுரவாயல் பைபாஸ் பிரியும் இடத்தில் லோடு வேன் ஓட்டுபவர் அவர். சிகரெட்டை விட்டு மூன்று வாரம் தாக்குப்பிடித்தார். டீக்கடையில் பக்கத்திலேயே நின்று ஊதினார்கள், அசையவில்லை. சனிக்கிழமை ராத்திரி சேக்காளிகளோடு பாரில் உட்கார்ந்தார்.

"மொத ரவுண்டு வரைக்கும் ஞாபகமே வரல சார். ரெண்டாவதுல கை தானா நீண்டுச்சு. 'ஒண்ணே ஒண்ணு மச்சி, அடி'ன்னு அவனே பத்தவெச்சுக் குடுத்தான்."

மறுநாள் காலை பெட்டிக்கடையில் முழு பாக்கெட்டே வாங்கிவிட்டார்.

இவருக்கு மன உறுதி போதவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புகையோடு உள்ளே போகும் நிகோடின் சில விநாடிகளில் மூளையை எட்டி, டோபமைனைச் சுரக்க வைக்கிறது. மதுவும் அதே டோபமைனைத்தான் தூண்டுகிறது. சேர்ந்து வந்தால் ஒன்றின் சுகத்தை மற்றது ஏற்றிவிடும். மது மந்தமாக்கும், நிகோடின் அந்த மந்தத்தைக் கலைக்கும். கலைந்ததும் இன்னொரு ரவுண்டு கேட்கும். பல வருஷம் கிளாஸும் சிகரெட்டும் ஒரே மேசையில் இருந்து பழகியவருக்குக் கிளாஸைக் கண்டாலே புகை நினைவு வரும். அந்த நேரம் பார்த்து, 'வேண்டாம்' என்று தடுக்க வேண்டிய நிதானத்தையும் மது தளர்த்திவிடுகிறது.

கல்லீரலில் நடப்பதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. நிகோடினைச் சிதைக்கும் வேலை அங்கேதான் பெரும்பாலும் நடக்கிறது. தொடர்ந்து நிறையக் குடிப்பவர்களிடம் அது வேகம் பிடிப்பதையும், குடியை நிறுத்திய சில வாரங்களில் வேகம் தணிவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நிகோடின் சீக்கிரம் தீர்ந்தால் அடுத்த சிகரெட்டும் சீக்கிரம் வேண்டியிருக்கும்.

அவர் வேன் ஓட்டும் இரும்புலியூரிலிருந்து தாம்பரத்தைத் தாண்டினால் சானடோரியம். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய் தாக்கும் வாய்ப்பைப் புகையும் கூட்டுகிறது, மிதமிஞ்சிய குடியும் கூட்டுகிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகப் பெருகுகிறது.

ஆகவே சிகரெட்டை விடும் முதல் சில வாரங்களுக்காவது குடியையும் தள்ளிவையுங்கள் என்பேன். 'ஒன்றை விட்டுவிட்டு அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்' என்பவர்கள் பார் மேசையில்தான் சறுக்குகிறார்கள். பொது இடத்தில் புகைக்க நாடு முழுவதும் தடை அமலுக்கு வந்தது 2008 அக்டோபர் 2-இல். இன்னமும் பல பார்களில் புகை மண்டிக் கிடக்கிறது. சேக்காளிகளைப் பார்க்க வேண்டுமென்றால் டிபன் கடையில் பாருங்கள். சிகரெட் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 கட்டணமில்லா எண், அழைத்துப் பேசுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர்கள் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்து, இரண்டு பழக்கங்களையும் மறைக்காமல் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும்.

(தொடரும்)