இளமீனும் குஞ்சுமீனும்

நெதர்லாந்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் 'ஹெரிங்' மீனின் புதிய வரவு பெருவிழாவாகக் கொண்டாடப்படுகின்றது. இலேசாக உப்பிட்ட மீனை வெங்காயத் துணுக்குகளுடன் வாலில் பிடித்து, அண்ணாந்து உண்பது அம்மக்களின் வழக்கமாகும். 1638ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் தாயகமே அந்நாடு.

இம்மீன் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நமது சாளை, சூடை, கீரி ஆகியன அதன் உறவினங்களேயாகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியுற, கரைவலைகளில் இவை அகப்படுகின்றன. தமிழர் இல்லங்களில் சொதியாகவும் முஸ்லிம்களின் இல்லங்களில் ஆணமாகவும் இவை சமைக்கப்படுகின்றன.

ஒல்லாந்தர் உண்பது 'இளம்' மீன் எனப்படினும், அது குஞ்சு மீனன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். நன்கு வளர்ந்த மீன், குளிர்காலம் கழிந்து இரையுண்டு கொழுத்து, சினை வளரத் தொடங்குமுன் பிடிக்கப்படுகின்றது. அதன் தசையில் குறைந்தது 16 வீதம் கொழுப்பு இருத்தல் வேண்டும். சினை வளருங்கால் அக்கொழுப்புக் கரைந்து சுவையும் குன்றும். இதனாலேயே அவ்வுணவு சில வாரங்களுக்கு மட்டும் உரியதாயிற்று. சமைக்காது உண்பதால், புழுக்கள் அழியும் பொருட்டு மீனை முன்னரே உறைகுளிரில் வைப்பதும் கட்டாயமாகும்.

எனினும் அளவுமீறிய பிடிப்பும், குஞ்சுகளை அள்ளி மீன்மாவாக்கியமையும் வடகடலில் இம்மீனை அருகச் செய்தன. 1977ஆம் ஆண்டில் அங்கு ஹெரிங் பிடிப்பே நிறுத்தப்பட்டது. 1980களின் தொடக்கத்தில்தான் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

இதில் நமக்கும் ஒரு பாடமுண்டு. முகத்துவாரத்தினூடாகக் கடலிலிருந்து வரும் மீன்குஞ்சுகளுக்கும் இறாற்குஞ்சுகளுக்கும் மட்டக்களப்பு வாவி தொட்டிலாக விளங்குகின்றது. கரையோரக் கண்டல் மரங்களின் வேர்களிடையே அவை வளர்கின்றன. கண் சிறுத்த வலைகளும், சட்டம் தடைசெய்துள்ள தங்கூசி வலைகளும் அத்தொட்டிலிலேயே அவற்றை வாரிச் செல்கின்றன. இன்று ஒருபிடி விலைக்குப் போகும் குஞ்சுகள் விட்டுவைக்கப்படின், சில மாதங்களில் பன்மடங்கு நிறையுள்ள மீன்களாகும்.

அவ்வலைகளை வீசுவோர் பேராசைக்காரர்கள் என்று கூறிவிட முடியாது. அன்றாட அடுப்பெரிவதற்கு வேறு வழியற்ற ஏழைத் தொழிலாளர்களே அவர்களில் பலர். வலையைப் பறித்துத் தண்டம் விதிப்பதால் மட்டும் அவர்களது வறுமை தீராது. பழைய வலைக்குப் பதிலாகத் தகுந்த வலை, அதற்கான இலகு கடன், குஞ்சுகள் மிகும் வாரங்களுக்கு வாழ்வாதார உதவி ஆகியன வழங்கப்பட்ட பின்னரே சட்டம் பயன்தரும்.

எழுவான்கரையில் வாரப்படும் குஞ்சு படுவான்கரையின் நாளைய இழப்பாகும். வாவியின் மீனுக்கு இனமோ மதமோ கிடையாது. எனவே, எவ்வாரங்களில் எப்பகுதியில் வலை வீசாதிருப்பது என்பதைத் தமிழ், முஸ்லிம் மீனவர் சங்கங்கள் ஒன்றுகூடித் தாமே தீர்மானிக்க வேண்டும். அத்தீர்மானத்திற்குக் கடற்றொழில் திணைக்களம் துணைநிற்க வேண்டும். மீன் பாடும் தேன்நாடு எனும் பெயர், மீனற்ற வாவிக்குப் பொருந்தாது.