உவர்நீருக்கு நடுவே நன்னீர்க் கிணறு

மட்டக்களப்பு என்றதும் வெளியூரார் முதலிற் கேட்பது, வாவியில் மீன் பாடுவது மெய்தானா என்பதையே. அதனினும் வியக்கத்தக்கதும், கமக்காரரின் பிழைப்போடு நேரே தொடர்புடையதுமான வேறொரு புதுமை இப்பகுதியில் நாள்தோறும் கண்முன் நிகழ்கின்றது. பழகிவிட்டமையால் அதனை எவரும் புதுமையெனக் கருதுவதில்லை.

புளியந்தீவைச் சுற்றிலும் வாவி. பாலத்தைக் கடந்து கல்லடிக்குச் சென்றால், ஒரு புறம் வாவியும் மறு புறம் கடலும். அங்கிருந்து தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை, கல்லாறு எனச் செல்லும் ஒடுங்கிய மணல்நிலம் முழுவதும் இவ்வாறே இரண்டு உவர்நீர்களுக்கு இடையில் கிடக்கின்றது. ஆயினும் அம்மணலிற் சில அடி தோண்டினால் குடிக்கத்தக்க நன்னீர் ஊறுகின்றது. அந்நீரைக் கொண்டே மிளகாய், கத்தரி, வெங்காயம், பயிற்றை, வெற்றிலை என்பன விளைவிக்கப்படுகின்றன.

இரு புறமும் உவர்நீர் சூழ்ந்திருக்க, நடுவே நன்னீர் எவ்வாறு நிற்கின்றது? இவ்வினாவிற்கு விடை அறிந்த தோட்டக்காரர் தமது கிணற்றைக் காத்துக்கொள்வர். அறியாதவர் ஒரே கோடையில் அதனை இழக்கவும் கூடும்.

மணல் உப்பை வடிகட்டுவதில்லை

கடல்நீர் மணலினூடாக வடியும்போது அதன் உப்பு நீங்கி நன்னீராகின்றது என்பது பலரது எண்ணம். இது தவறு. மணல் தூசியையும் கலங்கலையும் தடுக்குமேயன்றி, கரைந்த உப்பைத் தடுக்கமாட்டாது. அடியில் துளையுள்ள ஒரு சட்டியில் கழுவிய மணலை நிரப்பி, உப்புக் கரைத்த நீரைச் சற்று நேரம் தொடர்ந்து ஊற்றி, கீழே வடியும் நீரை நாவில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

கிணற்றிலுள்ள நன்னீர் வானத்திலிருந்து வந்ததாகும். மட்டக்களப்பில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அஃதாவது, ஒவ்வொரு சதுர மீற்றர் நிலத்திலும் 1,600 லீற்றர் நீர் விழுகின்றது. இதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரையான சில மாதங்களுக்குள் பெய்துவிடும். ஒரு பங்கு வெயிலில் ஆவியாகும்; ஒரு பங்கைச் செடிகொடிகள் உறிஞ்சும்; ஒரு பங்கு ஓடிப்போகும். எஞ்சியது மணலினுள் இறங்கித் தங்குகின்றது. கோடையில் தோட்டத்திற்கு இறைக்கும் நீர், மாரியில் நிலம் சேமித்து வைத்த மழையே.

நாற்பதுக்கு ஒன்று

சேமித்த மழைநீர் கடல்நீருடன் உடனே கலந்துவிடாமைக்குக் காரணம் அவற்றின் நிறை வேறுபாடாகும். ஒரு லீற்றர் நன்னீர் 1,000 கிராம் நிறையுடையது. ஒரு லீற்றர் கடல்நீரோ, ஏறத்தாழ 35 கிராம் உப்பைக் கொண்டிருப்பதால், சுமார் 1,025 கிராம் நிறையுடையது. உப்புநீரின் இப்பாரத்தை வயற்காரர் முன்னரே அறிவர். விதைநெல் தெரியும்போது, முட்டை மிதக்குமளவிற்கு உப்பைக் கரைத்து நெல்லை இடுவதும், மிதக்கும் பதரை நீக்கி, தாழ்ந்த மணியைக் கழுவி விதைப்பதும் இதே விதியைக் கொண்டதாகும்.

நிலத்தினுள் நன்னீர், பாரமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. தோணி பெரும்பாலும் நீருள் அமிழ்ந்தும் சிறிதளவே வெளியே தெரிந்தும் மிதப்பது போன்றது இது. 41 அடி உயரமுள்ள நன்னீர், 40 அடி உயரமுள்ள கடல்நீருடன் நிறையிற் சமமாகும். ஆகவே, கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருத்தல் கூடும். அரை அடி உயர்ந்து நின்றால் 20 அடி.

இவ்விதியை ஒல்லாந்து நாட்டுப் படைப்பொறியியலாளரான பாடன் கைபன் என்பவர் 1880களின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க் என்பவர் 1901 ஆம் ஆண்டிலும் தனித்தனியே வெளியிட்டனர். இருவரும் ஆராய்ந்தவை கல்லடியைப் போன்ற கரையோர மணல்நிலங்களே. எனினும் மட்டக்களப்பின் மணல் எல்லையின்றிக் கீழே செல்வதன்று. அதற்கடியில் கடும்பாறை உண்டு. ஆதலால் நன்னீர்ச் சேமிப்பிற்கும் ஓர் அளவு உண்டு. நிலம் ஒடுங்கும் இடத்திலும், கடலையோ வாவியையோ அண்டிய ஓரத்திலும் அது மேலும் மெல்லியதாகும்.

இறைக்கும்போது நிகழ்வது

மேற்கூறிய கணக்கைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். நன்னீர் மட்டம் ஓர் அடி உயர்ந்து நிற்பதால் உவர்நீர் 40 அடிக்குக் கீழே தாழ்ந்துள்ளது. அம்மட்டம் அரை அடி குறைந்து, அந்நிலையிலேயே நீடித்தால், கீழுள்ள உவர்நீர் 20 அடி மேலெழ முயலும். மேலே இழப்பது சாண் அளவு; கீழே ஏறுவது முழக்கணக்கு.

துலாவினால் இறைத்த காலத்தில் நீர் வாளி வாளியாக மேலே வந்தது. மனிதன் களைப்பாறிய வேளையில் கிணறும் ஊறியது. இறைப்பு இயந்திரமோ நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான லீற்றரை ஓய்வின்றி இழுக்கின்றது. அப்போது கிணற்றின் அடியில் நீர்மட்டம் பள்ளமாகத் தாழ, அதற்கு நேர் கீழே உவர்நீர் கறையான் புற்றுப் போற் கூம்பி எழுகின்றது. அக்கூம்பின் நுனி கிணற்றின் அடியைத் தொட்டவுடன் நீர் உவர்க்கும். மேலும் ஆழமாகத் தோண்டினால் நல்ல நீர் கிடைக்கும் என்ற எண்ணம் மலைநாட்டிற்குப் பொருந்தலாம்; இம்மணல்நிலத்தில் அது உவர்நீரை நாடிச் செல்வதாகவே முடியும்.

தமிழ்நாட்டில் சென்னைக்கு வடக்கேயுள்ள மீஞ்சூர்ப் பகுதி இதற்கு ஓர் எச்சரிக்கையாகும். நகரத்தின் தேவைக்கும் கைத்தொழிலுக்கும் பாசனத்திற்கும் நிலநீர் மிகுதியாக இறைக்கப்பட்டமையால், 1960களின் பிற்பகுதி முதல் அங்கு கடல்நீர் நிலத்தினுட் புகுந்தமை அறியப்பட்டது. பின்னர் அது பல கிலோமீற்றர் தூரம் உள்ளே பரவிற்று.

2004 கற்பித்த பாடம்

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, ஆயிரக்கணக்கான கிணறுகளைக் கடல்நீர் நிரப்பிற்று. நீரை முற்றாக இறைத்துவிட்டால் கிணறு நன்னீராகும் என எண்ணிப் பல கிணறுகள் மீண்டும் மீண்டும் வெறுமையாக்கப்பட்டன. ஆனால் உப்பு கிணற்றில் மட்டும் இருக்கவில்லை. சுற்றியுள்ள மணல் முழுவதிலும் ஊறியிருந்தது. கிணற்றை வெறுமையாக்குந்தோறும் அவ்வுவர்நீரே திரும்ப வந்து நிரம்பியது. சில இடங்களில் கீழிருந்தும் உவர் ஏறிற்று.

சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மட்டக்களப்பு மாவட்டக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து வந்தனர். கிணறுகளைத் திருத்தியது இறைப்பன்று, மழையே என்பது அவர்கள் கண்ட முடிபாகும். மாரிமழை மேலிருந்து இறங்கி உப்பைக் கழுவிக் கீழும் புறமும் தள்ளியது. பொறுத்திருந்த கிணறுகள் நன்னீர் பெற்றன.

உப்பு பயிரை வாட்டும் முறை

கருவாடு போடும்போது மீனின் மேல் உப்பைத் தூவினால், மீனிலுள்ள நீரை உப்பு வெளியே இழுத்துவிடுகின்றது. வேரடியில் உப்பு மிகும்போது நிகழ்வதும் இத்தகையதே. மண்ணில் ஈரம் இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாது தவிக்கும். இலை நுனி கருகும், செடி குன்றும். தோட்டக்காரர் இதனைத் தண்ணீர்க் குறைவெனக் கருதி அதே உவர்நீரை மேலும் இறைப்பாராயின், நோய்க்கு நஞ்சையே மருந்தாகக் கொடுத்தவராவார்.

எல்லாப் பயிரும் உப்பை ஒரே அளவில் தாங்குவதில்லை. மண்ணின் உப்பு டெசிசீமன்ஸ் என்னும் மின்கடத்தல் அளவினாற் குறிக்கப்படும். போஞ்சிக்கு 1.0, வெங்காயத்திற்கு 1.2, நெல்லுக்கு 3.0, பீற்றூட்டுக்கு 4.0 என்னும் அளவுகளைக் கடந்தால் விளைச்சல் குறையத் தொடங்கும். நூறு வாளி நன்னீரில் இரண்டு வாளி கடல்நீர் கலந்தாலும் லீற்றருக்கு 0.7 கிராம் உப்புச் சேர்ந்துவிடும். நாவிற்கு அது சிறிதளவே தோன்றும்; வெங்காயத்திற்கோ அதுவே மிகை. ஆதலால் நாவின் சான்றை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

தோட்டக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. கிணறு அகலமாகவும் ஆழங்குறைந்ததாகவும் இருத்தல் நன்று. ஓர் ஆழ்கிணற்றினும், இடைவெளி விட்டுத் தோண்டிய இரண்டு மூன்று சிறு கிணறுகள் மேலானவை.

2. சிறிய இயந்திரத்தையே பயன்படுத்துக. காலையிற் சிறிது நேரமும் மாலையிற் சிறிது நேரமும் இறைத்து, இடையிற் கிணற்றை ஊறவிடுக. ஒரே மூச்சில் வற்ற இறைத்தல் கூடாது.

3. உறிஞ்சு குழாயின் வாயைக் கிணற்றின் அடியில் வைக்காது, இயந்திரம் காற்றை இழுக்காத அளவிற்கு நீர்மட்டத்தின் கீழே சற்றுத் தாழ வைக்குக. இனிய நீர் மேலேயே நிற்கும்.

4. மணல்நிலம் நீரைப் பிடித்து வைக்கமாட்டாது. சாண எருவும் கூட்டெருவும் தாராளமாக இட்டு, பாத்திகளை வைக்கோலாலும் சருகாலும் மூடுக. ஆவியாகும் நீர் குறைந்தால் இறைக்கும் நீரும் குறையும்.

5. தோட்டத்தையும் வளவையும் சுற்றிச் சிறு வரம்பு கட்டி, மாரிமழையை ஓடவிடாது நிலத்தினுள் இறங்கச் செய்க. தாழ்ந்த குட்டைகளை மண்ணிட்டு மூடற்க. கடலோர மணல்மேடுகளை அகழ்ந்து விற்பது, மழையைச் சேமிக்கும் பாத்திரத்தை உடைத்து விற்பதற்கு ஒப்பாகும்.

6. மாரி முடிவிலும் கோடை முடிவிலும் கழுவிய போத்தலில் கிணற்று நீரை எடுத்து, விவசாயப் போதனாசிரியர் மூலம் அதன் மின்கடத்தலை அளந்து, திகதியுடன் குறித்து வைக்குக. ஆண்டுக்கு ஆண்டு அளவு ஏறுமாயின் இறைப்பைக் குறைக்க வேண்டிய வேளை வந்ததென அறிக.

7. வெள்ளத்தினால் உவர்நீர் புகுந்த கிணற்றைத் திரும்பத் திரும்ப வெறுமையாக்கற்க. குப்பையை அகற்றி, மழைக்காகப் பொறுத்திருக்க.

வாவியோர வயல்களுக்கு

படுவான்கரையில் வாவியை அண்டிய தாழ்ந்த வயல்களுக்கும் இவ்விதி பொருந்தும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கின்றது. மாரியில் ஆற்றுவெள்ளத்தால் வாவிநீர் உவர் குறைந்தும், கோடையில் உவர் மிகுந்தும் காணப்படும். ஆதலால் பெரும்போகத்தின் முதல் மழைநீரை வரம்பு கட்டித் தேக்கி, சேறாக்கி, வடிய விட்டு, உப்பைக் கழுவிய பின்னரே விதைத்தல் நன்று. நெற்பயிர் இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பிற்கு மிகவும் அஞ்சும். அவ்விரு பருவங்களிலும் நன்னீர் குறையாது பார்த்தல் வேண்டும். உவர் நீங்காத வயல்களுக்கு, அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட ஏ.ரி. 354, ஏ.ரி. 401 ஆகிய உவர் தாங்கும் இனங்கள் உள.

கிணற்றுக்கும் நெற்களஞ்சியத்திற்கும் வேற்றுமை சிறிதே. களஞ்சியத்தில் இட்ட நெல்லுக்கு மேல் எவரும் எடுக்க இயலாது. மணலினுள் உள்ள நன்னீரும் சென்ற மாரியில் இட்ட அளவினதே. ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. நெல் தீர்ந்தால் களஞ்சியம் வெறுமையாக நிற்கும். நன்னீர் தீர்ந்தால் அவ்விடத்தில் உவர்நீர் வந்து குடியேறும். அதனை வெளியேற்ற ஒரு மாரி போதாமலும் போகலாம். அளவறிந்து இறைக்கும் தோட்டக்காரரின் கிணறு அடுத்த தலைமுறைக்கும் இனிக்கும்.